வென்ற அணி கீழே, தோற்ற அணி மேலே: மாணவர் ரோபோ போட்டிகளின் புள்ளிக் கணக்கு எப்படி வகுக்கப்படுகிறது?

மாணவர் ரோபோ போட்டி ஒன்றின் தரவரிசைப் பட்டியலை முதன்முறையாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு குழப்பம் தவறாமல் வரும். பத்து ஆட்டங்களில் ஆறில் வென்ற அணி கீழே இருக்கும். ஐந்தில் மட்டுமே வென்ற அணி அதற்கு மேலே இருக்கும். களத்தில் பந்தை மிக அழகாக எறிந்த ரோபோவை இறுதிச் சுற்றுக்கு யாரும் தேர்ந்தெடுக்காமல் போவதும், கயிற்றில் ஏறித் தொங்கியதைத் தவிர வேறெதுவும் பெரிதாகச் செய்யாத ரோபோ இறுதி வரை செல்வதும் உண்டு. இவை நடுவர்களின் பிழைகள் அல்ல. ஆட்டத்தை வடிவமைத்தவர்கள் எழுதிய எண்கள்தாம் இந்த விளைவுகளைப் பிறப்பிக்கின்றன.

### அடிப்படை: ஆட்டமும் அதன் இரண்டு கணக்குகளும்

இங்கே முதன்மையான எடுத்துக்காட்டாக எடுத்துக்கொள்ளப்படுவது, அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட ஃபர்ஸ்ட் ரோபோட்டிக்ஸ் போட்டி. டீன் கேமன் 1989இல் நிறுவிய ஃபர்ஸ்ட் அமைப்பு, எம்.ஐ.டி. பேராசிரியர் வுடி ஃபிளவர்ஸின் துணையோடு, 1992இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் 28 அணிகளை வைத்து இப்போட்டியை முதலில் நடத்தியது. இப்போது பல நாடுகளின் அணிகள் இதில் பங்கேற்கின்றன.

இதன் தனித்தன்மை, ஆண்டுதோறும் ஜனவரியில் முற்றிலும் புதிய ஆட்டம் ஒன்று அறிவிக்கப்படுவதுதான். சடுகுடுவின் விதிகள் தலைமுறை தலைமுறையாக ஆடி ஆடி வழவழப்பானவை. எங்கே ஓட்டை இருக்கிறது என்று ஊருக்கே தெரியும். ரோபோ ஆட்டத்தின் விதிகளுக்கோ ஒரே ஓர் ஆண்டுதான் ஆயுள். அவை அறிவிக்கப்படும் நாளுக்கும் முதல் உண்மையான ஆட்டத்துக்கும் இடையிலான சில வாரங்களில், ஆயிரக்கணக்கான மாணவர்கள் விதிநூலை வரிவரியாகப் படித்து, எந்தச் செயலுக்கு எத்தனை புள்ளி என்பதைப் பார்த்து, அதற்கேற்ற இயந்திரத்தைக் கட்டிவிடுகிறார்கள்.

ஆட்டத்தின் பொதுவான சட்டகம் எளியது. மூன்று ரோபோக்கள் ஒரு கூட்டணியாக, எதிரே மூன்று ரோபோக்கள் மற்றொரு கூட்டணியாக மோதுகின்றன. பெரும்பாலான ஆண்டுகளில் ஓர் ஆட்டம் இரண்டரை நிமிடம். அதில் முதல் 15 விநாடி ரோபோ தன் நிரலின்படி தானாகவே இயங்க வேண்டும், எஞ்சிய நேரம் மாணவர்கள் ஓட்டுவார்கள். இதற்குள் மூன்று வேறுபட்ட நிலைகள் இருப்பதைப் பிரித்தறிய வேண்டும்.

1. ஆட்டப் புள்ளி. திரையில் ஓடும் எண் இது. ஓர் ஆட்டத்தில் வென்றது யார் என்பதை மட்டும் இது தீர்மானிக்கிறது.

2. தரவரிசைப் புள்ளி. தகுதிச் சுற்று முழுவதிலும் அணி சேர்த்துக்கொள்வது இது. வெற்றிக்குக் குறிப்பிட்ட அளவு கிடைக்கும். குறிப்பிட்ட பணிகளை முடித்தால், ஆட்டத்தில் தோற்றாலும் தனியே கிடைக்கும். 2016ஆம் ஆண்டின் ஸ்ட்ராங்ஹோல்ட் ஆட்டத்தில் வெற்றிக்கு 2, எதிரியின் அரண் வரிசையை உடைத்தால் 1, கோட்டையைப் பிடித்தால் 1 என்றிருந்தது. ஆறு வெற்றியும் ஒரே ஒரு கூடுதல் புள்ளியும் பெற்ற அணிக்கு 13. ஐந்து வெற்றியும் ஏழு கூடுதல் புள்ளியும் பெற்ற அணிக்கு 17. முதல் பத்தியில் சொன்ன குழப்பத்தின் விடை இதுதான்.

3. கூட்டணித் தேர்வு. தகுதிச் சுற்றில் யார் யாரோடு சேர்ந்து ஆடுவது என்பதை அட்டவணை முடிவு செய்யும். அதன் பின், பட்டியலின் மேலிருக்கும் எட்டு அணிகள் தலைமையேற்று, தமக்கு வேண்டிய துணைகளைத் தாமே தேர்ந்தெடுக்கும். முதல் முறை ஒன்றிலிருந்து எட்டுக்கும், அடுத்த முறை எட்டிலிருந்து ஒன்றுக்குமாக வரிசை செல்லும்.

மூன்றாவது நிலையின் முக்கியத்துவம் பலருக்குத் தெரிவதில்லை. பட்டியலில் முப்பதாம் இடத்தில் கிடக்கும் நல்ல ரோபோவை ஒரு தலைமை அணி கண்டெடுக்க முடியும் என்பதால், தரவரிசைச் சூத்திரத்தின் பிழைகளில் ஒரு பகுதி இங்கே சரிசெய்யப்படுகிறது. அதனால்தான் பல அணிகள் பார்வையாளர் மாடத்தில் ஆறு மாணவர்களை உட்காரவைத்து, ஆளுக்கொரு ரோபோ என்று கணக்கெடுக்கச் சொல்கின்றன.

### புள்ளி அட்டவணை ஒரு விலைப்பட்டியல்

ஒரு செயலுக்கு இத்தனை புள்ளி என்று எழுதும்போது வடிவமைப்பாளர் அந்தச் செயலுக்கு விலை வைக்கிறார். அணிகள் அந்த எண்ணை மட்டும் பார்ப்பதில்லை. அதை அடைய ஆகும் நேரத்தையும், தவறிப்போகும் வாய்ப்பையும் சேர்த்து, ஒரு விநாடிக்கு எத்தனை புள்ளி என்று கணக்கிடுகின்றன. விலை தவறினால் களத்தின் ஒரு பாதி வெறிச்சோடிவிடும்.

2017ஆம் ஆண்டின் ஸ்டீம்வொர்க்ஸ் இதற்குத் தெளிவான சான்று. அந்த ஆட்டத்தில் ரோபோக்கள் செய்யக்கூடிய பெரிய வேலைகள் மூன்று: பற்சக்கரங்களைக் கொண்டுபோய்க் கொடுத்துச் சுழலிகளை இயக்குவது, பிளாஸ்டிக் பந்துகளை எரிபொருளாகக் கொதிகலனுக்குள் எறிவது, கடைசியில் கயிற்றில் ஏறித் தொங்குவது. மாணவர்கள் ஓட்டும் நேரத்தில் உயர்ந்த வாய்க்குள் மூன்று பந்து எறிந்தால் 1 புள்ளி. கயிறு ஏறினால் 50 புள்ளி. ஒரு சுழலி சுழன்றால் 40 புள்ளி. நான்கு சுழலிகளுக்கும் முறையே 1, 2, 4, 6 பற்சக்கரங்கள் தேவை.

இப்போது கணக்குப் பார்க்கலாம். ஒரு முறை கயிறு ஏறுவது 150 பந்துகளுக்குச் சமம். பற்சக்கரங்களில் மிக மலிவானவை நான்காம் சுழலிக்கு உரியவை. அந்த ஆறும் சேர்ந்து 40 புள்ளி என்றால், ஒன்றின் மதிப்பு ஏறத்தாழ 6.7 புள்ளி, அதாவது 20 பந்து. மிக மலிவான பற்சக்கரமே 20 பந்துக்குச் சமமானால், பந்தெறியும் பொறியைக் கட்ட ஓர் அணி ஏன் பாடுபட வேண்டும்? பந்தெறியத் துல்லியமான குறிபார்ப்பு, வேகச் சீராக்கம், நூற்றுக்கணக்கான பந்துகளைச் சிக்காமல் நகர்த்தும் பாதை என்று எத்தனையோ வேண்டும். பற்சக்கரத்தை ஏந்திச் செல்ல வளைத்த தகடொன்றே போதும். பொறியியலில் மிகக் கடினமான வேலைக்கு மிகக் குறைந்த விலை வைக்கப்பட்டிருந்தது.

ஆனால் இதில் ஒரு திருப்பமும் உண்டு. சுழலிகள் நான்குதான், ஒரு கூட்டணியில் ஏறக்கூடிய ரோபோக்கள் மூன்றுதான். இரண்டு தரப்புமே நான்கு சுழலிகளையும் இயக்கி, மூன்று ரோபோக்களையும் ஏற்றிவிட்டால், அந்த இரண்டிலும் மேற்கொண்டு சேர்க்க ஒன்றுமில்லை. அப்போது மிஞ்சியிருப்பது, யாரும் மதிக்காத பந்துதான். அதுவே வெற்றியைத் தீர்மானிக்கும். ஆகவே ஒரு செயலின் மதிப்பு அட்டவணையில் எழுதிய எண்ணோடு நிற்பதில்லை. மற்ற செயல்களுக்கு உச்சவரம்பு இருக்கிறதா, அந்த வரம்பை எத்தனை அணிகள் தொடும் என்பவற்றையும் பொறுத்தது. நடுத்தர அணிக்குப் பயனற்ற செயல் உச்ச அணிக்கு உயிர்நாடியாகலாம்.

எழுதிய விலையும் உண்மை விலையும் வேறுபடும்படி வேண்டுமென்றே அமைப்பதும் உண்டு. 2025ஆம் ஆண்டின் ரீஃப்ஸ்கேப் ஆட்டத்தில், பாசியாகக் கருதப்படும் பெரிய பந்தை ஓர் அணி செயலாக்கி என்னும் வாயில் இட்டால் 6 புள்ளி. ஆனால் அந்தப் பந்து எதிரணி மாணவர் கைக்குப் போய்ச் சேரும். அவர் அதை வலைக்குள் எறிந்தால் அவர்களுக்கு 4 புள்ளி. எறிபவர் தவறாதவரானால் உண்மை ஆதாயம் 2தான்; அவர் பாதி எறிகளைத் தவறவிடுபவரானால் சராசரி ஆதாயம் 4. எதிரே நிற்பவரைப் பொறுத்து விலை மாறுகிறது. இது நல்ல வடிவமைப்பு என்பதே என் மதிப்பீடு. ஏனெனில் ஜனவரியில் ஒருமுறை கணக்குப் போட்டு முடித்துவிட முடியாமல், ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்பும் அணி மறுபடி யோசிக்க வேண்டியிருக்கிறது.

### ஒரே பிடியில் முடிந்துவிடும் ஆட்டங்கள்

எதிரணி எவ்வளவு திறமையாக ஆடினாலும் மாற்ற முடியாத நிலையை ஓர் அணி உருவாக்கிவிட்டால், அதைக் கழுத்துப்பிடி உத்தி என்று இத்துறையில் சொல்வார்கள். 2002ஆம் ஆண்டின் சோன் சீல் ஆட்டத்தில் நகர்த்தக்கூடிய இலக்குகள் மூன்று இருந்தன. 71ஆம் எண் அணி அந்த மூன்றையும் ஒரே ரோபோவால் பற்றிக்கொண்டு, சக்கரங்களை விட்டுவிட்டு, தரைவிரிப்பைக் கவ்விப்பிடிக்கும் கால்களால் அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. மற்ற ரோபோக்களால் அதைத் தள்ள முடியவில்லை. அந்த அணியின் அறிவுக்கூர்மையைப் பாராட்டத்தான் வேண்டும். மூன்றே இலக்குகளை வைத்து, மூன்றையும் ஒரே ரோபோ பற்றலாம் என்று விட்டது விதியை எழுதியவர்களின் தேர்வு.

2015ஆம் ஆண்டின் ரீசைக்கிள் ரஷ் இன்னும் நுட்பமானது. இரு கூட்டணிகளின் பகுதிகளும் நடுவில் ஒரு படிமேடையால் பிரிக்கப்பட்டிருந்தன. ஒருவர் பகுதிக்குள் மற்றவர் நுழைய முடியாது. பெட்டிகளை அடுக்க வேண்டும். ஒரு பெட்டிக்கு 2 புள்ளி என்பதால் ஆறு பெட்டி அடுக்குக்கு 12. அதன் உச்சியில் ஒரு தொட்டியைக் கவிழாமல் வைத்தால் உயரத்தின் ஒவ்வோர் அடுக்குக்கும் 4 வீதம் 24. தொட்டிக்குள் ஒரு நுரைக்குழலைச் செருகினால் 6. முழு அடுக்கு 42 புள்ளி. தொட்டியில்லாத அடுக்கு வெறும் 12.

ஒவ்வொரு தரப்பிடமும் இருந்த தொட்டிகள் மூன்றுதான். பொதுவான நான்கு தொட்டிகள் நடுவிலிருந்த படிமேடையில் நின்றன. வலிமையான கூட்டணி மூன்று அடுக்குகளை முடித்தபின், நான்காவது அடுக்குக்கு 42 கிடைக்குமா 12 கிடைக்குமா என்பது அந்த நான்கு தொட்டிகளில் எத்தனையை அது பறித்தது என்பதைப் பொறுத்தது. ஒரு தொட்டிக்கு 30 புள்ளி வேறுபாடு. விளைவு, ஆட்டம் தொடங்கிய முதல் கணத்திலேயே, தானியங்கும் நேரத்தில், தொட்டிகளைக் கவ்விப் பறிக்கும் பொறிகளுக்கான போட்டி வெடித்தது. உச்ச நிலை ஆட்டங்களில் அது விநாடியின் சிறு பின்னங்களில் முடிந்தது. எஞ்சிய இரண்டரை நிமிடமும் ஏறத்தாழ முன்பே எழுதப்பட்ட கணக்கின் நிறைவேற்றமாகிவிட்டது. மோதலே இல்லாமல் அமைதியாக அடுக்கும் ஆட்டம் என்று வகுக்கப்பட்டதில், மிகக் கொடிய மோதல் முதல் அரை விநாடிக்குள் ஒளிந்திருந்தது.

நேரத்தை வைத்துப் புள்ளி தரும் ஆட்டங்களில் வேறொரு வகைப் பிடி உருவாகும். 2018ஆம் ஆண்டின் பவர் அப் ஆட்டத்தில், மாணவர்கள் ஓட்டும் நேரத்தில், தராசைத் தன் பக்கம் சாய்த்து வைத்திருக்கும் ஒவ்வொரு விநாடிக்கும் 1 புள்ளி. முதலில் சாய்த்தவர் புள்ளியைச் சேர்த்துக்கொண்டே, மேலும் கனசதுரங்களை ஏற்றிப் பிடியை இறுக்கலாம். பின்தங்கியவர் தராசை மீட்டாலும், போன விநாடிகள் திரும்புவதில்லை.

### தரவரிசைச் சூத்திரம்: தோற்பது இலாபமாகும் இடம்

ஆட்டப் புள்ளியில் வரும் பிழை சலிப்பைத் தரும். தரவரிசைச் சூத்திரத்தில் வரும் பிழை ஆட்டத்தையே தலைகீழாக்கும். 2010ஆம் ஆண்டின் பிரேக்அவே, கால்பந்தைத் தழுவிய ஆட்டம். எதிரியை நசுக்காமல் மதிப்போடு ஆட வேண்டும் என்ற நல்ல நோக்கத்தில் அதன் சூத்திரம் இவ்வாறு அமைந்தது: அபராதங்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், வென்றவருக்குத் தம் புள்ளியோடு தோற்றவர் புள்ளியின் இரு மடங்கு; தோற்றவருக்கு வென்றவரின் புள்ளி.

1. ஆட்டம் 6-4 என்று முடிந்தால் வென்றவருக்கு 6 + 8 = 14, தோற்றவருக்கு 6.

2. தோற்றவர் தாம் அடித்த 4 கோல்களால் தமக்கு எதையும் பெறவில்லை. அவை வென்றவருக்கு 8 புள்ளியாகப் போய்ச் சேர்ந்தன.

3. தோல்வி உறுதி என்று முன்பே தெரிந்த கூட்டணி, தன் இலக்கை விட்டுவிட்டு, எதிரிக்காகவே கோல் அடித்து ஆட்டத்தை 10-0 என்று முடித்தால், இரு தரப்புக்கும் 10.

4. தோற்பவருக்கு 6ஐ விட 10 மேல். ஆகவே எதிரியைத் தடுப்பதும் தன் கோலை அடிப்பதும் பகுத்தறிவுக்கு முரணாகின்றன.

இது வெறும் காகிதக் கணக்காக நிற்கவில்லை. ஆறு ரோபோக்களும் ஒரே பக்கம் கோல் அடிக்கும் ஆட்டத்துக்கு ஆறுக்குப் பூச்சியம் என்ற பொருளில் பெயரே வந்துவிட்டது. அது ஏமாற்றா, விதியைச் சரியாகப் படித்ததா என்ற சண்டை மூண்டது. நிலைமையைச் சரிசெய்யப் போட்டிக் காலத்தின் இடையிலேயே வெற்றிக்கு 5 புள்ளி கூட்டப்பட்டது. என்னைக் கேட்டால், அந்த மாணவர்களைக் குறை சொல்ல இடமில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் அடுத்த சுற்றின் எதிரியைத் தேர்ந்துகொள்வதற்காக வேண்டுமென்றே தோற்க முயன்ற நான்கு பெண்கள் இறகுப்பந்து இணைகள் வெளியேற்றப்பட்டன. அங்கும், தோற்பவருக்கு ஆதாயம் இருக்கும்படி சுற்றுகளை அமைத்தது விளையாடியவர்கள் அல்ல.

அப்படியானால் வெற்றி தோல்வியை மட்டும் கணக்கில் எடுத்தால் போதாதா? ஓர் அணி தகுதிச் சுற்றில் ஏறத்தாழ பத்துப் பன்னிரண்டு ஆட்டங்கள்தான் ஆடும். ஒவ்வொன்றிலும் களத்தில் ஆறு ரோபோக்கள். அவற்றில் ஐந்து அதன் கட்டுப்பாட்டில் இல்லை. நல்ல துணைகள் வாய்த்தவர் மேலே போவார், வாய்க்காதவர் கீழே போவார். இத்தனை குறைவான ஆட்டங்களில் அந்த அதிர்ஷ்டம் சமனாகாது. கூட்டணியின் சொந்தச் செயலுக்கு மட்டும் கிடைக்கும் கூடுதல் தரவரிசைப் புள்ளி, எதிரணி யார் என்ற அதிர்ஷ்டத்தின் பெரும்பகுதியைக் கழித்துவிடுகிறது. 2015இல் வெற்றி தோல்வியையே ஒழித்து, சராசரிப் புள்ளியால் தரவரிசை கணக்கிட்டது இதே திசையில் எடுத்த மிக நீண்ட அடி. துல்லியத்தில் அது மேம்பட்டதாகவே இருக்கலாம். ஆனால் மாடத்தில் இருப்பவர்களுக்கு, தங்கள் பிள்ளை வென்றாளா தோற்றாளா என்றே தெரியவில்லை. மறு ஆண்டே வெற்றிக்கு 2, பணிகளுக்குத் தலா 1 என்ற நடுவழி வந்தது. 2025இல் வெற்றியின் மதிப்பு 3 ஆக உயர்த்தப்பட்டது.

எதிரியோடு ஒத்துழைப்பதை ஊக்குவிக்க இரண்டு வேறுபட்ட வழிகள் கையாளப்பட்டிருக்கின்றன. 2012ஆம் ஆண்டின் ரீபவுண்ட் ரம்பிளில், எதிரெதிர்க் கூட்டணிகளின் இரு ரோபோக்கள் நடுப் பாலத்தில் ஏறிச் சமநிலைப்படுத்தினால் இரு தரப்புக்கும் தலா 2 தரவரிசைப் புள்ளி, வெற்றிக்கும் 2தான். வெற்றிக்கு நிகராக ஒத்துழைப்புக்கு விலை வைத்தது துணிச்சலான முடிவு. 2024ஆம் ஆண்டின் கிரெசெண்டோவில் வழி அடக்கமானது: இரு தரப்பும் ஒத்துழைப்புப் பொத்தானை அழுத்தினால், ஒரு கூடுதல் புள்ளிக்குத் தேவையான வளையங்கள் 18இலிருந்து 15 ஆகக் குறையும். ஒத்துழைப்பு இங்கே நேரடிப் பரிசாக இல்லை, தள்ளுபடியாக இருக்கிறது. இதில் விதியைத் திரிக்க வழி குறைவு.

### அபராதத்துக்கும் விலை உண்டு

விதிமீறலுக்குரிய அபராதம் அதனால் வரும் ஆதாயத்தைவிடக் குறைவாக இருந்தால், அது தண்டனையாக நில்லாமல் கட்டணமாகிவிடும். அணிகள் கட்டிவிட்டுப் போகும். அதனால்தான் எண்களுக்கு அப்பால் மஞ்சள், சிவப்பு அட்டைகள் வேண்டியிருக்கின்றன. எதிரணியை வேண்டுமென்றே விதிமீறலுக்குள் தள்ளி அபராதப் புள்ளி அறுவடை செய்வதையும் விதிநூலே தடுக்கிறது.

சிறுவர்களுக்கான ஃபர்ஸ்ட் லெகோ லீகில் அபராதம் மென்மையாக வளைந்திருக்கும். அணி ஆறு துல்லிய வில்லைகளோடு தொடங்கும். வெளியே போன ரோபோவைக் கையால் தொட்டு மீட்கும் ஒவ்வொரு முறையும் ஒன்றை இழக்கும். ஆறு மிஞ்சினாலும் ஐந்து மிஞ்சினாலும் 50 புள்ளி. நான்கானால் 35, பிறகு 25, 15, 10, இறுதியில் 0. முதல் தவறு இலவசம், இரண்டாவதுதான் மிக விலையுயர்ந்தது. பதற்றத்தில் இருக்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையை மனத்தில் வைத்து எழுதிய எண்வரிசை இது.

### புதிதாக விதி எழுதுவோர் பார்க்க வேண்டியவை

கல்லூரியிலோ மாவட்ட அளவிலோ சொந்தமாக ஆட்டம் வகுப்போர், விதியை வெளியிடும் முன் காகிதத்திலேயே சில சோதனைகளைச் செய்துவிடலாம்.

1. ஒவ்வொரு செயலுக்கும் சராசரி அணிக்கு ஆகும் விநாடிகளை ஊகித்து, விநாடிக்கு எத்தனை புள்ளி என்று பட்டியலிட வேண்டும். ஒரு செயல் மற்றவற்றைவிடப் பல மடங்கு மேலே நின்றால், களத்தில் அது ஒன்றுதான் நடக்கும்.

2. தோல்வி உறுதியான அணியின் இடத்தில் அமர்ந்து, இப்போது எனக்கு எது இலாபம் என்று கேட்க வேண்டும். விடை தன் பக்கம் ஆடுவதாக இல்லையென்றால் சூத்திரத்தை மாற்ற வேண்டும். பிரேக்அவேயின் கணக்கு இரண்டு வரிதான். ஆட்டத்தை வெளியிடும் முன் யாரேனும் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் போதும்.

3. களத்தில் எண்ணிக்கையில் மிகக் குறைவான பொருள் எது, அதை ஒரே ரோபோ முழுவதும் கைப்பற்ற முடியுமா என்று பார்க்க வேண்டும்.

4. உடனடி வெற்றி விதி வைப்பதானால் எச்சரிக்கை வேண்டும். ஆசிய-பசிபிக் நாடுகளின் கல்லூரி மாணவர்களுக்காக 2002 முதல் நடக்கும் ஏபியு ரோபோகானில், போட்டியை நடத்தும் நாடே அவ்வாண்டின் ஆட்டத்தை வகுக்கும்; இந்தியா 2008இல் தயிர்ப்பானை உடைக்கும் விழாவையும், 2022இல் கற்களை அடுக்கி ஆடும் லகோரியையும் கருப்பொருளாக்கியது. அங்கே பல ஆண்டுகளில், குறித்த பணியை முடித்த கணமே ஆட்டம் முடிந்துவிடும். காண்பதற்கு அதைவிட விறுவிறுப்பு இல்லை. ஆனால் அந்தப் பணியைச் சில விநாடிகளில் முடிக்கும் ஓர் அணி வந்துவிட்டால், எதிரே நின்றவர்கள் ஓராண்டு உழைத்த ரோபோ அசையும் முன்பே களத்தை விட்டு இறங்க நேரும்.

5. ஒவ்வொரு புள்ளியையும் நடுவர் ஆட்டம் ஓடும்போதே கண்ணால் எண்ண முடிய வேண்டும். ஆறு ரோபோக்கள் ஓடும் களத்தில், பெட்டிக்குள் முழுவதும் இருந்தால் 3, பாதி இருந்தால் 2 என்பது போன்ற விதி ஒரு நாளைக்கு நாற்பது தகராறுகளைக் கொண்டுவரும்.

6. கூடுதல் புள்ளிக்கான இலக்கு எண்ணைத் தொடக்கப் போட்டிகளில் எட்ட முடிந்ததாகவும், இறுதிப் போட்டியில் உயர்த்தக்கூடியதாகவும் வைக்கலாம். ஃபர்ஸ்ட் அண்மை ஆண்டுகளில் அப்படித்தான் செய்கிறது. உயர்த்தும் வாய்ப்பு இருக்கிறது என்பதை விதிநூலின் முதல் பதிப்பிலேயே எழுதிவிட வேண்டும், ஏனெனில் 18 வளையங்களுக்குப் போதுமான வேகத்தில் கட்டிய கையை 25க்காக மார்ச் மாதத்தில் கழற்றி மாட்டுவது மாணவர்கள்தாம்.